சங்ககிரியிலிருந்து கிளம்பிய பார்ட்டி

அவிநாசி ரோட்டில் ஒரு பழைய கார் கடை இருந்தது. பெயர் ராஜயோகம் கார்ஸ். யோகம் யாருக்கு என்று மட்டும் போர்டில் எழுதியிருக்கவில்லை.

அந்தக் கடையில் மனிதர்கள் கொஞ்சம், பேசுகிற சாமான்கள் நிறைய. அவை பேசுவது மனிதர்கள் காதில் விழாது. விழுந்திருந்தால் அங்கே ஒரு சைக்கிள்கூட விலை போயிருக்காது.

விலையும் தள்ளுபடியும் அங்கே அண்ணன் தம்பி. ஒரு வண்டி கடைக்குள் வந்ததும், விற்கிற ஆளான பூபதி அதன் முன் கண்ணாடியில் வெள்ளைப் பெயிண்டால் ஒரு விலை எழுதுவான். பத்து நிமிஷம் தள்ளி நின்று பார்ப்பான். பிறகு அதை அழித்து ஐம்பதாயிரம் கூட்டி எழுதுவான். அந்த ஐம்பதாயிரத்தின் வயிற்றில்தான் தள்ளுபடி பிறக்கும். யாராவது வாங்க வந்தால் இரண்டும் சட்டையைப் பிடித்துக்கொண்டு சண்டை போடும். "என்னை அழிக்கப் பார்க்கறயாடா?" என்று விலை அலறும். "விட்றுண்ணா, பாவம், தங்கமான மனுசன் வந்திருக்காரு" என்று தள்ளுபடி கெஞ்சும். வந்தவர் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனதும் இரண்டும் ஒரே மேஜை டிராயரில் காலை நீட்டிப் படுத்துக்கொள்ளும்.

மீட்டர்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அங்கே ஒரு மீட்டராவது தன் வயதை உள்ளபடி சொன்னதாகச் சரித்திரம் இல்லை.

ஆனால் சும்மா சொல்லக்கூடாது, இத்தனை பேரிலும் மாடாக உழைத்தவன் ஒருத்தன்தான். அவன் பெயர் இன்னொரு பார்ட்டி.

அது பெயரே இல்லை என்பது எனக்கும் தெரியும். அவனுக்கு வேறு பெயர் கிடையாது. முகம் கிடையாது, கை கால் கிடையாது. கடைக்குப் பின்னால் அடுக்கியிருக்கும் பழைய டயர்களுக்குள் ஈரம் மாதிரி ஒட்டிக்கொண்டு கிடப்பான். யாராவது ஒரு வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "வீட்டுல ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்தர்றனுங்க" என்று நழுவப் பார்த்தால் போதும், பூபதி பெருமூச்சு விட்டுக்கொண்டு சொல்வான்:

"தாராளமா கேட்டுட்டு வாங்க சார். என்ன, இன்னொரு பார்ட்டி சங்ககிரில இருந்து கிளம்பிட்டாருங்க. நீங்க வர்றப்ப வண்டி இருக்குமோ என்னமோ."

அவ்வளவுதான். டயருக்குள் கிடந்தவன் அலறியடித்துக்கொண்டு சங்ககிரிக்கு ஓட வேண்டும். ஓடிப் போய் அங்கிருந்து கிளம்ப வேண்டும். அடுத்த வாக்கியத்தில் பூபதி, "பவானி தாண்டிட்டாராம்" என்பான். அதற்குள் பவானியைத் தாண்டியிருக்க வேண்டும். "பெருந்துறையில டீ குடிச்சிட்டு இருக்காராம்" என்பான். டீ குடித்ததாகப் பேர். டீ எங்கே கிடைத்தது, குடிக்க வாய் எங்கே இருந்தது! அதற்குள் இங்கே வந்தவர் பதறிப்போய், பையில் இருந்ததை எடுத்து டோக்கன் அட்வான்ஸ் கொடுத்துவிடுவார். கொடுத்த நொடியில் அங்கே பெருந்துறையில் இவன் கரைந்து போவான்.

இப்படியே பதினோரு வருஷம் ஓடியது. பதினோரு வருஷமாக வந்துகொண்டே இருந்தவன் ஒரு தடவைகூட விஜயமங்கலம் டோல்கேட்டைத் தாண்டியதில்லை.

அவனுக்கு அதுதான் ஏக்கம். ஒரே ஒரு நாள் வந்து சேர வேண்டும். யாராவது ஒருத்தர் முகத்தைப் பார்த்து "வாங்க" என்று சொல்ல வேண்டும். ஒரு நாற்காலியில் உட்கார வேண்டும். கூலி வேண்டாம், நன்றி வேண்டாம். இதை நினைக்கும்போதெல்லாம் அவனுக்கு அழுகை வரும். கண் இல்லாததால் அழவும் முடியாது.

ஒரு வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு வசந்தாமணி அந்தக் கடைக்கு வந்தார்.

வசந்தாமணிக்கு நாற்பத்தெட்டு வயது. கணபதியில் சொந்தமாக லேத் பட்டறை வைத்திருந்தார். பதினாலு பேர் வேலை பார்க்கிற பட்டறை. இருபது வருஷமாக ஒரு பழைய ஆம்னி வேனில் இரும்புத் தண்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்து போய் வந்துகொண்டிருந்தவருக்கு, திடீரென்று ஓர் ஆசை. வேகமாகப் போகிற வண்டி ஒன்று வேண்டும். பறக்கிற வண்டி. கேட்டவர்கள் எல்லாம், "இந்த வயசுல எதுக்குங்க?" என்றார்கள். "இந்த வயசுலதானுங்க பணம் வந்துச்சு" என்று சொல்லிவிட்டு வந்திருந்தார்.

கடையின் முன் வரிசையில் நின்றது செவலை.

செவலை என்பது கடைச் சாமான்கள் அந்த வண்டிக்கு வைத்த பெயர். ரத்தச் சிவப்பு. இரண்டே கதவு. பின்னால் ஒரு றெக்கை. ஸ்டார்ட் பண்ணினால் எதிர்க் கடை டீ கிளாஸ் எல்லாம் அதிரும். ரேஸ் ஓட்டுகிறவர்கள் வைத்திருக்கிற ஜாதி வண்டி. பார்ப்பதற்கு அம்சமாகத்தான் இருந்தது. ஆனால் இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு பெருமழையில் ஏதோ ஓர் அபார்ட்மெண்டின் கீழ்த்தளப் பார்க்கிங்கில் மூன்று நாள் முழுக்கத் தண்ணீருக்குள் கிடந்து எழுந்த வண்டி அது. அந்த நாற்றம் தெரியாமல் இருக்க உள்ளே மல்லிகைச் சென்ட் பாட்டில் ஒன்று மூச்சைப் பிடித்துக்கொண்டு உழைத்தது.

"டாக்டர் ஓட்டின வண்டிங்க அக்கா" என்று பூபதி ஆரம்பித்தான். "ஒரே ஓனர். ஞாயித்துக்கிழமை மட்டும் எடுத்து மருதமலை போயிட்டு வந்து வச்சுருவாரு."

"மருதமலைக்குப் போறதுக்கு இவ்வளவு பெரிய இஞ்சினுங்களா?"

"பக்திங்க அக்கா."

வசந்தாமணி பானட்டைத் திறக்கச் சொன்னார். குனிந்து பார்த்தார். மேலே பார்த்ததெல்லாம் பளபளவென்று இருந்தது. பாலிஷ் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது. பதினாலு லட்சம் என்று விலை நெஞ்சை நிமிர்த்தியது. தள்ளுபடி ஓடி வந்து அண்ணன் காலில் விழுந்தது. நாடகம் ஜோராக நடந்தது. ஆனால் வசந்தாமணி இரண்டு பேரையும் கண்டுகொள்ளவில்லை.

"வண்டி மனசுக்குப் புடிச்சிருக்குதுங்க" என்றார். "நாளைக்கு எங்க மெக்கானிக்கைக் கூட்டிட்டு வந்து அடியில படுத்துப் பாக்கச் சொல்றேன். அப்பறம் பேசிக்கலாம்."

அடியில் படுத்துப் பார்ப்பதா! அடியில் படுத்தால் தெரிவது என்ன என்று பூபதிக்குத் தெரியாதா? உடனே பெருமூச்சு விட்டான்.

"தாராளமா பாக்கலாங்க அக்கா. என்ன, இன்னொரு பார்ட்டி சங்ககிரில இருந்து கிளம்பிட்டாருங்க. பெருந்துறை வந்துட்டாராம்."

வழக்கம்போல டயருக்குள் கிடந்தவனும் ஓடினான், கிளம்பினான், பெருந்துறைக்கு வந்து நின்றான். இன்னும் அரை நிமிஷத்தில் கரைய வேண்டும் என்று தயாராகவும் இருந்தான்.

இங்கே வசந்தாமணி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அப்படிங்களா? அப்படின்னா அவரு வரட்டுங்க" என்றார்.

பூபதிக்குச் சரியாகக் காதில் விழவில்லை. "என்னங்க?"

"எங்க பட்டறையில முதல்ல சொன்னவங்களுக்குத்தானுங்க முதல் வேலை. எத்தனை பெரிய கம்பெனி வந்து நின்னாலும் வரிசை மாத்த மாட்டேன். எனக்கு முன்னாடி கிளம்புனவரு அவரு. பாவம், அவ்வளவு தூரத்துல இருந்து வர்றாரு. அவரு பாக்கட்டும். அவரு வேண்டாம்னா நான் மெக்கானிக்கைக் கூட்டிட்டு வர்றேன். அவரு எடுத்துட்டார்னா வேற வண்டி பாத்துக்கறேன்."

விலை தள்ளுபடியைப் பார்த்தது. தள்ளுபடி மீட்டரைப் பார்த்தது. மீட்டருக்கே முள் ஆடியது. பதினோரு வருஷத்தில் இப்படிச் சொன்ன ஆள் அங்கே யாரும் இல்லை.

"அவரு வர லேட் ஆகுங்க அக்கா" என்றான் பூபதி.

"பரவால்லைங்க. இன்னைக்குப் பட்டறை லீவு. அவரு பேர் என்னங்க?"

பூபதியின் நாக்கு தந்தியடித்தது. "ந... நல்லசிவங்க."

அந்த நொடியில் பெருந்துறையில், கரையக் காத்திருந்தவனுக்கு உச்சந்தலையில் என்னவோ சொட்டென்று விழுந்த மாதிரி இருந்தது. நல்லசிவம். நான் நல்லசிவம். சொல்லிப் பார்த்தான். சொல்ல வாய் இருந்தது! தொட்டுப் பார்த்தான். மீசையும் இருந்தது.

"என்ன தொழில் பண்றாருங்க?"

"லாரி வச்சிருக்காருங்க. நாலு லாரி."

நல்லசிவத்தின் தலையில் நாலு லாரியும் ஒன்றன் பின் ஒன்றாக வந்து ஏறின. ஒன்றுக்கு எஃப்சி எடுக்க வேண்டும். ஒன்றின் டிரைவர் மூன்று நாளாகப் போன் எடுக்கவில்லை. டயர் விலையை நினைத்ததும் நெஞ்சில் ஒரு சுருக். அடேயப்பா, மனிதனாக இருப்பது இத்தனை கனமா என்று இருந்தது. ஆனாலும் அந்தக் கனம் அவனுக்குப் பிடித்திருந்தது.

"எதுல வர்றாருங்க?"

"பஸ்ஸுலங்க. லாரியெல்லாம் லோடுல போயிருக்குதுங்க."

பஸ்ஸில் ஜன்னல் ஓரத்து சீட் அவனுக்குக் கிடைத்தது. விஜயமங்கலம் டோல்கேட்டை பஸ் தாண்டியபோது நல்லசிவம் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதுவிட்டான். இப்போது கண் இருந்தது. பக்கத்து சீட்காரர், "ஏனுங், வீட்டுல ஏதாச்சும் ஆயிப்போச்சுங்களா?" என்று கேட்டார். "இல்லீங்க, சந்தோசம்" என்றான். அவர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டார்.

வசந்தாமணி எதிர்க் கடைக்குக் குரல் கொடுத்து மூன்று டீ சொன்னார். ஒன்று தனக்கு, ஒன்று பூபதிக்கு, ஒன்று வருகிறவருக்கு.

"அவரு டீக்குச் சர்க்கரை போடலாங்களா?"

பூபதிக்கு எரிச்சல் முட்டிக்கொண்டு வந்தது. "அவருக்குச் சுகருங்க அக்கா, வேண்டாங்க" என்று வெடுக்கென்று சொன்னான்.

பாவி மனுஷன்! ஒரு வார்த்தையில் ஆயுசுக்கும் ஒரு வியாதியைத் தூக்கிக் கொடுத்துவிட்டான். அவிநாசி தாண்டும்போது நல்லசிவத்துக்கு நாக்கு வறண்டது, உள்ளங்கால் எரிந்தது.

"கல்யாணம் காட்சி எல்லாம்?"

"ஆயிருச்சுங்க. அவங்க வீட்டுக்காரம்மாதான் சிவப்பு வண்டி வேணும்னு ஒத்தக்கால்ல நிக்கறாங்களாம்."

உடனே நல்லசிவத்தின் சட்டைப் பையில் போன் அடித்தது. "என்னங்க, எங்க இருக்கறீங்க? சிவப்பு இல்லீன்னா வீட்டுப் பக்கம் வந்துராதீங்க." பேசியது யார் என்று யோசிப்பதற்குள் அவனுக்குப் பயம் வந்துவிட்டது. அதனால் மனைவிதான் என்று தெரிந்துகொண்டான்.

"லோனுங்களா, ரொக்கமுங்களா?"

"முழு ரொக்கங்க அக்கா, பையில எடுத்துட்டு வர்றாரு" என்றான் பூபதி. இதைக் கேட்டாவது வசந்தாமணி பதறிப்போய் அட்வான்ஸை எடுப்பார் என்று நினைத்தான். அவர், "பஸ்ஸுல அவ்வளவு பணத்தோடவா? பத்திரமா வந்து சேரணும்" என்று முருகனைக் கும்பிட்டுக்கொண்டார். அங்கே நல்லசிவத்தின் மடியில் ஒரு மஞ்சள் பை கனத்தது.

பதினொன்றே முக்காலுக்கு பஸ் கடைக்கு எதிரில் நின்றது. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு, கையில் மஞ்சள் பையோடு நல்லசிவம் இறங்கினான்.

நேராக உள்ளே போகக் கால் கூசியது. முதலில் செவலையின் பக்கத்தில் போய் நின்றான். பதினோரு வருஷம் சாமானோடு சாமானாகக் கிடந்தவன் ஆயிற்றே, செவலை பேசுவது அவனுக்கு இன்னும் கேட்டது.

"அட, டயருக்குள்ள கிடந்தவனா நீ? ஆளே மாறிட்டியேப்பா!" என்றது செவலை.

"வந்துட்டேன் செவலை. நிசமாவே வந்துட்டேன்."

"துள்ளாதே. கீழே பாரு."

பார்த்தான். உச்சி வெயில் கொளுத்தியது. கம்பத்துக்கு நிழல் இருந்தது, செவலைக்கு நிழல் இருந்தது. அவனுக்கு இல்லை.

"உன் பேரு பூபதி குடுத்தது. லாரி அவன் குடுத்தது. பொண்டாட்டியும் அவன் குடுத்தது" என்றது செவலை. "எல்லாம் வாயில சொன்னது. அந்தம்மா எந்திரிச்சுப் போற வரைக்கும்தான் நிக்கும். எனக்குத் தெரியாதா? என்னை டாக்டர் வண்டின்னு அவன் சொல்றப்பெல்லாம் எனக்குள்ள டெட்டால் வாசம் அடிக்கும். கேட்ட ஆளு கேட்டைத் தாண்டுனதும் போயிரும்."

நல்லசிவம் செவலையின் கதவைப் பிடித்துக்கொண்டான். இத்தனை வருஷம் ஏங்கி, இத்தனை தூரம் வந்து, மறுபடி அந்த டயருக்குள்ளேயா? "நான் இருக்கணும் செவலை. சுகரோட இருந்தாலும் பரவால்ல, இருக்கணும். என்ன பண்ணட்டும், சொல்லு."

"பூபதி சொல்லாத காரியம் ஒண்ணை நீயா செய். அவன் வாயில வராதது, உன் புத்தியில இருந்து வந்தது. அது ஒண்ணு போதும். அப்பறம் எவனாலயும் உன்னைக் கரைக்க முடியாது."

"என்ன காரியம்?"

"என் டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியைத் தூக்கிப் பாரு" என்றது செவலை.

தூக்கினான். விரிப்புக்கு அடியில் காய்ந்த சேறு விரலளவுக்குப் படிந்திருந்தது. இரும்பு துருவேறி உப்பிப்போயிருந்தது. அந்தச் சேற்றில் சுண்டு விரல் நீளத்துக்கு ஒரு குட்டி மீன் கருவாடாகிக் கிடந்தது.

"மூணு நாள் தண்ணிக்குள்ள கிடந்தேன்" என்றது செவலை. "ஒயரெல்லாம் அழுகிப் போச்சு. எப்ப நிப்பேன்னு எனக்கே தெரியாது. உள்ள உக்காந்திருக்கற அம்மா நல்லவங்க. இருவது வருசம் இரும்போட மல்லுக்கட்டிச் சம்பாரிச்ச காசு. எனக்கே மனசு கேக்கலை. நீ போய் உண்மையைச் சொல்லு. பூபதி கடையில உண்மையைச் சொல்லணும்னு பூபதி எவனுக்கும் சொல்லிக் குடுத்ததில்ல. அது சத்தியமா உன் சொந்தக் காரியமா இருக்கும்."

நல்லசிவத்துக்கு உடம்பு சிலிர்த்தது. பிறந்ததிலிருந்து பொய்யாக இருந்தவன், முதல் காரியமாக உண்மை சொல்லப் போகிறான்! இதைவிட ஒரு பிறப்புக்கு என்ன பெருமை வேண்டும்? வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே நடந்தான்.

"வாங்க, வாங்க!" என்று வசந்தாமணி எழுந்து நின்றார். "நல்லசிவம் சாருங்களா? உக்காருங்க. டீ ஆறிப்போச்சு, வேற சொல்றேன். வெய்யில்ல அலைஞ்சு வந்திருக்கறீங்க."

நல்லசிவம் நாற்காலியில் உட்கார்ந்தான். நாற்காலி தாங்கியது.

பூபதி கையில் இருந்த பேனாவைக் கீழே போட்டான். தன் வாயால் விட்ட ரீல், திருநீறு பூசிக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருந்தால் எந்த மனுஷனும் மயங்கி விழுவான். பூபதி ஓர் அரை நொடி வெளிறினான், அவ்வளவுதான். அடுத்த அரை நொடியில் அவன் பார்வை மஞ்சள் பைக்குப் போனது. தொழில்காரன் என்றால் அவன்தான் தொழில்காரன்.

"வாங்க சார், வாங்க! உங்களுக்காகத்தான் காத்துட்டு இருக்கறோம்!"

நல்லசிவம் வசந்தாமணியின் பக்கம் திரும்பினான். "அம்மா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணுங்க. அந்த வண்டி இருக்குது பாருங்க..."

பூபதி அவன் முழங்கையைப் பிடித்தான். "ஒரு நிமிசம் சார், இப்படி வாங்க" என்று இரண்டு எட்டு தள்ளிக் கூட்டிப் போனான். குரலைத் தணித்தான்.

"சார், நம்ம ஊர்க்காரர் மாதிரி இருக்கறீங்க, அதனால சொல்றேன். அந்தம்மா காலையில பத்து மணியில இருந்து உக்காந்திருக்காங்க. முடிவே பண்ணிட்டாங்க. நீங்க வருவீங்கன்னு நான்தான் கையைப் புடிச்சு நிறுத்தி வச்சிருக்கறேன். இன்னும் அஞ்சு நிமிசம்கூடத் தாங்காது சார்."

இந்த இன்னொரு பார்ட்டி என்கிற வார்த்தையைப் பற்றி உலகத்தில் ஒருத்தனுக்கு முழுசாகத் தெரியும் என்றால் அது நல்லசிவத்துக்குத்தான். அவன் எலும்பும் சதையும் அந்த வார்த்தையால் ஆனவை. பதினோரு வருஷம் அந்த வார்த்தைக்காக சங்ககிரிக்கும் பெருந்துறைக்கும் ஓடித் தேய்ந்தவன் அவன். சிரித்திருக்க வேண்டாமா? "போடா, யார்கிட்ட காது குத்தறே?" என்று கேட்டிருக்க வேண்டாமா?

அவன் திரும்பி வசந்தாமணியைப் பார்த்தான். அவர் மடியில் இருந்த கைப்பையைத் திறந்துகொண்டிருந்தார்.

மூக்குக் கண்ணாடி எடுக்கத்தான் திறந்தார். பேப்பர் படிக்க. ஆனால் அதையெல்லாம் யார் நின்று பார்த்தது?

நல்லசிவம் கண்ணாடிக் கதவு வழியாக வெளியே பார்த்தான். செவலை வெயிலில் தகதகவென்று நின்றது. அடடா, என்ன சிவப்பு! சற்று முன்னால் இந்த அழகைக் கவனிக்கவே இல்லையே! சேறா? சேறு எந்த வண்டியில்தான் இல்லை, தண்ணீர் அடித்தால் போய்விடும். துருவா? இரும்பென்றால் துருப் பிடிக்காதா? மீன் கிடந்தால் என்ன, அது மச்சாவதாரம், நல்ல சகுனம் அல்லவா! இப்போது விட்டால் அந்த அம்மா தட்டிக்கொண்டு போய்விடுவார். போய்விட்டால் சிவப்பு கேட்டவளுக்கு வீட்டில் என்ன பதில் சொல்வது?

"எனக்குத்தான்!" என்று கத்தினான். "வண்டி எனக்குத்தான். நான்தான் முதல்ல கிளம்புனேன்!"

பாவம், தள்ளுபடி டிராயருக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தது. வழக்கமாக இந்த நேரத்தில் அதைக் கூப்பிடுவார்கள். "சார், சார், என்னைக் கேளுங்க, ஒரு வார்த்தை கேட்டா வந்தர்றேன்" என்று அதுவே வாய்விட்டுக் கூவியது. நல்லசிவம் அதன் முகத்திலேயே டிராயரை அறைந்து மூடினான். பதினாலு லட்சத்தையும் அப்படியே மேஜையில் கொட்டினான். விலைக்கே வெட்கமாகப் போய்விட்டது. தன்னை இப்படி முழு உருவத்தில் ஒருத்தன் ஏற்றுக்கொள்வான் என்று அது கனவிலும் நினைத்ததில்லை. சென்ட் பாட்டிலுக்குத் தனியாக ஐந்நூறு கேட்டான் பூபதி. அதையும் கொடுத்தான்.

காட்டிய இடத்தில் எல்லாம் நல்லசிவம், நல்லசிவம் என்று கையெழுத்துப் போட்டான்.

வசந்தாமணி கண்ணாடியைக் கழற்றினார். முகத்தில் கொஞ்சம் ஏமாற்றம் தெரிந்தது. ஆனாலும் சிரித்தார். "குடுத்து வச்சவருங்க நீங்க. நல்லா ஓட்டுங்க. ஏதோ சொல்ல வந்தீங்களே, என்னங்க அது?"

"ஒண்ணுமில்லீங்க" என்றான் நல்லசிவம். அவன் சொந்தமாகச் சொன்ன முதல் பொய் அது.

"சரிங்க, நான் வேற பக்கம் பாத்துக்கறேன்" என்று வசந்தாமணி எழுந்தார்.

அப்போதுதான் அவனுக்குச் செவலை சொன்னது ஞாபகம் வந்தது. ஐயையோ! அந்த அம்மா எழுந்து போகும் வரைக்கும்தான். உண்மையைச் சொல்லவில்லையே! ஓடிப்போய் சொல்லிவிடலாமா? சொன்னால் பூபதியிடம் கொடுத்த பணம்? கால் நகரவில்லை. வசந்தாமணியின் ஆம்னி உறுமியது, பின்னால் வந்தது, திரும்பியது. நல்லசிவம் இரண்டு கைகளையும் முகத்துக்கு நேரே நீட்டி விரல்களைப் பார்த்துக்கொண்டு நின்றான். இப்போது போகும், இதோ போகும் என்று பல்லைக் கடித்துக்கொண்டான்.

ஆம்னி கேட்டைத் தாண்டி கோயம்புத்தூர்ப் பக்கம் போய் மறைந்தது. விரல்கள் பத்தும் அப்படியே இருந்தன.

இதற்குள் கடைக்கு வேறொருவர் வந்து ஒரு வெள்ளைக் காரைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். பூபதி பெருமூச்சு விட்டு, "இன்னொரு பார்ட்டி கிளம்பிட்டாருங்க சார்" என்றான். சங்ககிரியில் யாரும் கிளம்பவில்லை. டயர் அடுக்கில் ஈரம்கூட இல்லை. வார்த்தை வாயை விட்டு வெளியே வந்து, சொத்தென்று தரையில் விழுந்து கிடந்தது. வந்தவர் அதைத் தாண்டிக் காலை வைத்து, "அப்ப அவருக்கே குடுத்துருங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நல்லசிவம் செவலைக்குள் ஏறி உட்கார்ந்தான். கதவுக்கு வெளியே தரையில் அவன் முழங்கையின் நிழல் கறுப்பாக, அழுத்தமாக விழுந்திருந்தது. நம்ப முடியாமல் கையை ஆட்டிப் பார்த்தான். அதுவும் ஆடியது.

"செவலை, நான் கரையலையே?"

"ஆமா, கரையலை."

"உண்மையைச் சொல்லலையே நான்?"

"சொல்லலை."

"சொந்தமா ஒரு காரியமும் செய்யலையே?"

"ஏன் செய்யலை?" என்றது செவலை. "நீ வருவேன்னுதான் பூபதி பதினோரு வருசமா சொன்னான். வாங்குவேன்னு ஒரு நாளும் சொன்னதில்ல. எல்லாத்தையும் கண்ணால பாத்து, அந்த வார்த்தை பொய்யின்னு உலகத்துலயே நல்லாத் தெரிஞ்சவனா இருந்தும், முழுக் காசையும் கொட்டி ஏமாந்தது பூராவும் உன் சொந்த வேலை. அதுல அடுத்தவன் கை படவே இல்ல."

நல்லசிவம் சாவியைத் திருகினான். உள்ளே எங்கேயோ டிக் என்று ஒரு சத்தம் வந்தது. மறுபடி திருகினான். அந்த டிக்கும் வரவில்லை.

"முழு மனுசனா ஆயிட்டே நல்லசிவம்" என்றது செவலை. "எறங்கித் தள்ளு."